போடியில் கம்ப்யூட்டருக்கு வேகம் வைத்தேன்

கம்ப்யூட்டர் விற்கிறவனுக்கு வாசலிலேயே மாலை விழும். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து வைக்கப் போகிறவன் ஸ்க்ரூடிரைவரோடு போய்த் திட்டு வாங்கவேண்டும். எண்பதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் எனக்கு அந்த இரண்டாவது சோலி. இதில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அமுக்காத பொத்தான்

அப்போதைய மிசினின் முகப்பில் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் வேகம், விட்டால் நிதானம். ஏலக்காய் வியாபாரி யூசுப் ராவுத்தர் அதை யாரையும் தொடவிட மாட்டார். மிசின் தேய்ந்துவிடுமாம். கையிருப்புச் சரக்கைத் தரம் வாரியாக வரிசைப்படுத்தச் சொன்னால், அது முடிவதற்குள் டீ வந்து, குடித்து, கிளாசும் கடைக்குத் திரும்பியிருக்கும்.

ஒருநாள் வடக்கத்திப் பெரிய வியாபாரி டிரங்க் காலில் காத்திருந்தார். உருட்டுக் காய் என்கிற ஏலக்காய் ரகம் எவ்வளவு இருக்கிறது என்று உடனே சொல்லவேண்டும். மிசினோ யோசித்துக்கொண்டே இருக்கிறது. ராவுத்தருக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. நான் கேட்காமலே பொத்தானை அமுக்கினேன். அவர் அதட்ட வாயெடுப்பதற்குள் பதில் திரையில் வந்துவிட்டது. வியாபாரம் முடிந்தது. போனை வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

“இம்புட்டு நாளா ரெண்டாவது கியர்லயே ஓட்டியிருக்கேன், முந்தியே அமுக்குறதுக்கு உனக்கு என்ன தம்பி?”

மத்தியானக் காய்ச்சல்

செல்வமணி டீச்சர் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவர். வளையலை அடகு வைத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். காலையில் ஒழுங்காக ஓடும் மிசின், மத்தியானம் தகரக் கூரை காய்ந்ததும் அப்படியே நின்றுவிடும். தாங்கள்தான் கெடுத்துவிட்டோம் என்று பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பெண்ணின் அப்பா, “வெரசா கிளம்பு ஆத்தா, நமக்கு இதெல்லாம் ஆகாது” என்று மகளைக் கூட்டிப்போயே விட்டார். இன்னும் இரண்டு பேர் போனால் வகுப்பை மூடவேண்டியதுதான்.

மிசினைப் போட்டதும் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் உள் அமைப்புகளெல்லாம் திரையில் வரும். அதில் பார்த்தால், வேகமாகத் தெரியட்டும் என்று விற்றவர் ஒரு காரியம் செய்திருந்தார். மிசினின் மூளை கேட்பதை மெமரி எடுத்துக்கொடுக்கத் துளி நேர இடைவெளி வேண்டும், அதை நீக்கியிருந்தார். சூட்டில் மெமரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. இடைவெளியைத் திரும்ப வைத்தேன். வேகம் துளி குறைந்தது. மிசின் சாயங்காலம்வரை நிற்கவேயில்லை. டீச்சர் நேரே அந்த வீட்டுக்குப் போய் அப்பாவையும் மகளையும் அழைத்துவந்தார். அந்தப் பெண் அப்பா பேரை அடித்து, அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் பேரு இங்கிலீசுல இவ்வளவு நீளமா? பிள்ளை வரட்டும் டீச்சர்.”

கரண்டு போனால்

தேவாரத்து உரக்கடையில் கரண்டு போனால் பேட்டரியில்தான் மிசின் ஓடும். அது சீக்கிரம் தீர்ந்துபோகும். வேகத்தைக் குறைத்துவைத்தேன், கொஞ்சம் மிச்சம். பார்க்காத நேரத்தில் திரையை அணைக்கச் சொன்னேன், நிறைய மிச்சம். கடைக்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். உரம் வாங்க வந்த ஒரு சம்சாரி இருண்ட திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது:

“அண்ணே, டிவி பெட்டி செத்துப்போச்சு, நீங்க பாட்டுக்கு மூட்டை எடை போடுறீகளே!”

மறந்தது யார்?

மலைமேல் ஒரு ஏலக்காய் எஸ்டேட். மழைக்காலம் முடிந்து கம்ப்யூட்டரைப் போட்டால், ஹார்டு டிஸ்க்கே இல்லை என்கிறது. சீசன் முழுக்க காய் எடுத்தவர்களின் கூலி விவரம் அதற்குள். கணக்கெழுதும் ரைட்டர் தங்கப்பாண்டி அழித்துவிட்டான் என்று மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். நான் ஜீப்பில் போய் இறங்கியபோது தங்கப்பாண்டியின் டிரங்குப் பெட்டி வராந்தாவில் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் குழந்தையோடு. கூலிக்காக வந்த பெண்கள் முற்றத்தில் நின்றார்கள்.

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சின்ன பேட்டரி ஈரத்தில் பூத்துப் பச்சையாகிக் கிடந்தது. தனக்குள் என்ன டிஸ்க் இருக்கிறது என்பதையே மிசின் மறந்துவிட்டது. வேறு பேட்டரி போட்டு, டிஸ்க்கின் வகை எண்ணை உள்ளே எழுதினேன். மறுபடி போட்டால் எல்லாப் பேரும் வரிசையாக வந்தன. மலையாளி மேனேஜர், “எடோ, பெட்டி உள்ளே கொண்டுபோ” என்று தங்கப்பாண்டியின் முகம் பாராமல் சொன்னார். முற்றத்தில் நின்ற பெண்கள் கையைத் தட்டினார்கள். தங்கப்பாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“மறந்தது மிசினு, மலையிறங்கப் பார்த்தது நானு!”

இப்படி ஊர்ப்பட்ட மிசின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் திரிந்த என்னால், போடிமெட்டு மலையில் ஊர்ந்து ஏறுகிற பஸ்சை மட்டும் கடைசிவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.