கையில் எவ்வளவு வருகிறது

பதவி உயர்வு கிடைத்த அன்று ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். என் காசில். இப்போது அந்த மைசூர்பாகை நினைத்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனி. படிப்பு முடித்த கையோடு சேர்ந்து ஒன்பது வருடம் அங்கேயே கிடந்தேன். பிறகுதான் டீம் லீட் ஆக்கினார்கள். பத்துப் பேர் எனக்குக் கீழே; சம்பளத்தில் நாலாயிரம் கூட. நாலாயிரம் குறைச்சலாகத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. ஆனால் எதோடு வைத்துப் பார்ப்பது? சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று சேரும்போதே எழுதி வாங்கிவிடுவார்கள். டீ குடிக்கிற இடத்தில் மாமியார் சண்டையிலிருந்து மூலவியாதி வரைக்கும் கூசாமல் பேசுவோம். சம்பளம் என்ற வார்த்தை வந்தால் மட்டும் ஆளாளுக்கு போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவோம். அவ்வளவு நல்ல பிள்ளைகள். இணையத்தில் தேடினேன். ஒரு தளம் எனக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றது. இன்னொன்று எனக்கு மொட்டையடிக்கிறார்கள் என்றது. குழம்பிப்போய், நமக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என் டீமில் ஒருவர் இருந்தார். வேறு கம்பெனியிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அனுபவத்தில் என்னைவிட நாலு வருடம் குறைவு. எங்கள் வேலையை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததே நான்தான். அலட்டல் இல்லாத ஆள், செய்ததைச் செய்தேன் என்பார், செய்யாததைச் செய்யவில்லை என்பார். அந்த ஒரு குணத்துக்காகவே, திருநின்றவூரில் இருக்கும் என் சித்தப்பா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரைச் சொன்னேன். விசாரித்ததில் எங்கள் ஆட்கள்தான் என்று தெரிந்தது. குமணன்சாவடியில் சொந்த வீடு வேறு. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. 'நீ பாத்த ஆளுன்னா சரியாத்தான் இருக்கும்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. தங்கைக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது அவள் காபி கொடுத்துவிட்டு நின்ற விதத்திலேயே தெரிந்தது. பிறகு சித்தப்பா தொண்டையைச் செருமினார். ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வருடத்துக்கு இத்தனை லட்சம் என்ற கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது. பிடித்தமெல்லாம் போக மாசம் கையில் எவ்வளவு வருகிறது என்று நேராகவே கேட்டார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஏதோ வருகிறது, குடும்பத்துக்குப் போதும் என்று இழுத்தார். நான் இருக்கும்போது சம்பளம் சொல்லக் கூச்சம் என்றுதான் நான் நினைத்தேன். அவருடைய அம்மாவுக்கோ, இந்தப் பையன் தன் மதிப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறானே என்று பொறுக்கவில்லை.

"சொல்றதுக்கு என்னடா? எல்லாம் புடிச்சது போக எழுபத்தெட்டாயிரம் வருதுங்க கையில."

எனக்கு வருவது ஐம்பத்தாறு.

கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தேன். அதன் எண்ணெய் விரலெல்லாம் பிசுபிசுத்தது. ஒன்பது வருடம், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தது, லீட் ஆனேன் என்று தட்டை நீட்டி இனிப்புக் கொடுத்தது, அதை இவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு 'வாழ்த்துகள் மேடம்' என்றது எல்லாம் வரிசையாக வந்தது. எதையாவது எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

சித்தப்பா அந்தத் தொகையை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீதானேம்மா அவருக்கு மேல கீற. இன்னா சொல்ற, நெசந்தானா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற தங்கையும் பார்த்தாள். தெரியாது என்றால் அந்த அம்மா புளுகுகிறார் என்றாகிவிடும். அதோடு பேச்சு முறிந்துவிடும். மாப்பிள்ளையோ தலையை நிமிர்த்தவே இல்லை. பொய் சொல்லும் ஆள் அவர் இல்லை என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. உண்மைதான் சித்தப்பா என்றேன்.

"அப்போ உனுக்கு லட்சத்தத் தாண்டும்" என்று அவர் பெருமையாகச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். சீ என்று இருந்தது எனக்கே. தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய், யாரும் சொல்லாமலே கழுவ ஆரம்பித்தேன். கை கழுவ வருவதுபோல் மாப்பிள்ளை பின்கட்டுக்கு வந்தார். எனக்கு எவ்வளவு என்று தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார். எனக்குக் குறைவு என்பதை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். போகும்போது குரலைத் தாழ்த்தினார்.

"ஆபீஸ்ல என் பேரு மட்டும் வர வேணாம், மேடம்."

மறுநாள் எச்.ஆர். அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பேர் சொல்லாமல், எனக்குக் கீழே இருப்பவர்கள் என்னைவிட அதிகம் வாங்குவதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வெளி விலை கொடுத்தால்தான் வருவார்களாம். என்னுடைய சம்பளம் நான் சேர்ந்தபோது வாங்கியதிலிருந்து படிப்படியாக ஏறி வந்ததாம். 'நீங்க நம்ம குடும்பம் மாதிரி' என்றும் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்தக் குடும்பத்தில் கூடவே கிடக்கிறவளுக்குப் பழையதும் நேற்று வந்தவருக்குப் பிரியாணியும் போடுவார்கள்? இங்கேயே இருந்ததுதான் நான் செய்த தப்பு என்று அவ்வளவு இனிமையாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் இன்றைக்கு வேலையை விட்டுவிட்டு நாளைக்குப் புதிதாக வந்தால் கொடுப்பீர்களா என்றேன். அதற்கும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இத யாரு உங்களுக்குச் சொன்னது?"

சொன்னால் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு வேலை போகும். இணையத்தில் பார்த்தேன் என்றேன். அதையெல்லாம் நம்பாதீர்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். எனக்குக் குறைத்துப் போட்டவர்கள் எதிரில் நான்தான் திருடி மாதிரி முழித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த மாதமே அப்ரைசல் வந்தது. என் டீமில் யாருக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று பரிந்துரைக்க வேண்டியது நான். மாப்பிள்ளை நன்றாகத்தான் வேலை செய்திருந்தார். வயிறு எரிய எரிய, அவருக்கு 'மிக நன்று' போட்டேன்.

அன்று சாயங்காலம் பாரிவாக்கம் போகும் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தபோது சித்தப்பா போன் செய்தார். மாப்பிள்ளைக்குச் சம்பளம் ஏற்றுவது என் கையில்தான் இருக்கிறதாமே, பார்த்து நல்லபடியாகப் போட்டுவிடு என்றார். போட்டுவிட்டேன் என்றேன். மனசு குளிர்ந்துவிட்டது அவருக்கு. பேச்சைக் கல்யாணத்துக்குத் திருப்பினார். நான்தான் பெரிய அக்கா, மாப்பிள்ளையே இவ்வளவு வாங்கும்போது என் தகுதிக்குத் தங்கைக்கு ஐந்து சவரனாவது போட்டால்தான் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும் என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பஸ் ஸ்டாப் என்றும் பார்க்காமல், சித்தப்பா, எனக்குக் கையில் ஐம்பத்தாறாயிரம்தான் வருகிறது என்று சத்தமாகச் சொன்னேன். ஒன்பது வருடத்தில் என் சம்பளத்தை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.



"குடுக்க இஷ்டம் இல்லாட்டி இல்லன்னு சொல்லிட்டுப் போயேம்மா" என்றார் சித்தப்பா. "அதுக்கு இன்னாத்துக்குப் பொய் சொல்லிகினு கீற?"