நூல் நின்ற இடம்

போன வருடம் ஆடி மாதம், ஏனாத்தூர் போகிற சாலையில் நான் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் நடந்தது இது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனாலோ என்னவோ, எதைப் போட்டாலும் சந்தேகம்தான். வீட்டுப் பூட்டையே மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள்.

பட்டு நூல் சுற்றும் மெஷின் வைத்திருக்கும் ஓர் இளம்பெண், தேய்ந்துபோன இரும்பு உருளை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைச் சுற்றி ஒரு பள்ளம் வளைந்து வளைந்து ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். பள்ளத்துக்குள் ஒரு முளை உட்கார்ந்து, நூலை இடமும் வலமுமாக இழுத்துப் போகும்.

"மெஷின் நின்னு நாலு நாளாச்சுண்ணா. தறிக்காரங்க நூலுக்குக் காத்துக்கினு இருக்காங்க."

உருளைமேல் காகிதத்தைச் சுற்றி, பென்சிலால் தேய்த்துப் பள்ளத்தின் வழியை எடுத்தேன். பிரித்து அளந்து, கம்ப்யூட்டரில் தட்டையாக வரைந்து, அந்தக் கோட்டை உருளைமேல் சுற்றினேன். பத்து முறை பார்த்தேன். முதலாளி புது இரும்பு உருளை ஒன்றை டர்ன்-மில் மெஷினில் ஏற்றினார். உருளை சுழலச் சுழல கட்டர் பள்ளத்தைக் குடைந்து முடித்தது.

மறுநாள் அதை வாங்க வந்த அந்தப் பெண், கைப்பையிலிருந்த நூல்கண்டில் ஓர் இழையைப் பிரித்து, பள்ளத்தின் ஓரத்தோடு இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் இழை நின்றது.

"அண்ணா, இங்க மாட்டுது பாரு."

"புது பீஸ்மா. பிசிறா இருக்கும். அரம் போட்டா போய்டும்" என்றேன்.

"பிசிறு இல்லண்ணா, படி மாதிரி இருக்குது. விரல வச்சிப் பாரு."

வைத்தேன். படியேதான். ஓடிப்போய்த் திரையில் உருளையைத் திருப்பினேன். பின்பக்கத்தில், பள்ளம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் சேரவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நின்றன. காகிதத்தை நான் லேசாகக் கோணலாகச் சுற்றியிருக்கிறேன்!

"பத்து வாட்டி பாத்தேன்னு சொன்னியேடா!" என்றார் முதலாளி.

"முன்பக்கத்த தாண்ணா பாத்தேன்..."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இது ஓடும்போது நீ எங்கம்மா உக்காருவே?"

"இதோ, மூஞ்சிக்கு நேராதான். அறுந்த இழைய முடிச்சு போடணுமே."

அந்த வேகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் முளை அந்தப் படியில் மோதியிருக்கும். உடைந்து தெறித்திருந்தால்? அரம் போட்டு மழுப்பி, நானே என் கையால் கொடுத்தனுப்ப இருந்தேன்.

காகிதத்தை நேராகச் சுற்றி, முதலிலிருந்து வரைந்தோம். அடுத்த நாள் புது உருளையில் நானே இழையை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் நிற்கவில்லை. திரும்ப ஓட்டினேன். திரும்பவும்.

"போதும்ணா, நூலு தேஞ்சிடப் போவுது" என்று சிரித்தார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயந்து பயந்து நான் பத்து முறை பார்த்ததெல்லாம் எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும்தான். இன்றும் திரையில் ஓர் உருளையைத் திருப்பி, மறுபக்கம் தெரிய வருகிற அந்த ஒரு நொடியில், அந்தப் பெண்ணின் முகம் வந்துவிட்டுத்தான் போகிறது.