ரொக்கான் வளைகுடாவில் தண்ணீர் வற்றிய நேரம்

போன ஞாயிறு காலை. மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். ஜப்பான் சண்டை முடிந்தும் தட்டில் இன்னும் மரவள்ளிதான்!

"பா, அடுத்த மாசம் ரொக்கான் போறேன். பாக் டின் கூட. அங்க கருவாடு வாங்கியாந்து வித்தா நல்லா ஓடும்" என்றான் என் மகன் செல்வம்.

என் கையிலிருந்த கோப்பி பாதி வேட்டியில்.

"ஜப்பான்காரனே போயிட்டான். இன்னும் எதுக்குங்க இந்த நடுக்கம்?" என்றாள் மனைவி.

ஜப்பான்காரன் போய்விட்டான், சரி. அந்த வளைகுடா எங்கே போனது? அங்கேயேதானே இருக்கிறது!

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தானே, அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கும் லாரி வந்தது. ஏறிப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. செல்வத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. என் பிள்ளை அந்த லாரியில் ஏற மாட்டான் — முடிவு செய்துவிட்டேன்.

நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா. ரொக்கான் ஆறு கடலில் சேரும் இடத்தில் மீனவர்கள் வாழும் ஒரு சிறு கம்போங். அங்கே பாக் டின்னுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. படகோட்டியான அவர், பையனைக் கொண்டுபோய் விடச் சம்மதித்தார். நானும் ஏறிக்கொண்டேன். தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகுமா?

அந்த ஆறு தீவின் உள்ளேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து முகத்துவாரத்தில் கொட்டுகிறது. கொட்டியது மேடாகிறது, தீவாகிறது, அடுத்த பருவமழையில் இடம் மாறுகிறது. நடுவில் புனல் மாதிரி ஒரு வளைகுடா. கடல் பக்கம் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். பள்ளிக்கூட ஆட்லஸில் அது அழகான நீலம்!

நாங்கள் உள்ளே நுழைந்த காலை வேளையில் நீர் வற்ற ஆரம்பித்தது. படகு சேற்றில் உட்கார்ந்தது. பாக் டின் வெற்றிலையை மடித்தார். "துங்கு ஆயேர்" என்றார் — தண்ணீர் வரட்டும் என்று.

அப்போதுதான் செல்வம் கடல் பக்கம் கையைக் காட்டினான். ஒரு மோட்டார் லாஞ்சு. ஜப்பானியக் கொடி.

கரையும் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. வீட்டுக் கூரைகள், அடுப்புப் புகை...

"பா, இறங்கி நடந்துடலாம். நம்ம ஊர்ல நடக்கலையா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. மலாக்காவில் தண்ணீர் இறங்கினால் கூடையோடு சேற்றில் இறங்கி கெராங் சிப்பி பொறுக்கி வளர்ந்தவன். எங்கள் கடல் திரும்பி வரும்போது மெதுவாக, கணுக்காலைத் தொட்டுச் சொல்லிவிட்டு வரும். எல்லாக் கடலும் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

"ஜாங்ஙான் துருன்! இறங்காதே!" என்று பாக் டின் கத்தினார்.

"இவருக்கு என்னா? பிடிச்சா என்னையத்தான பிடிப்பான்!" செல்வம் ஒரு காலை வெளியே போட்டுவிட்டான்.

நான் யோசித்தேன். புனலின் அகன்ற வாயில் நுழைகிற தண்ணீர் குறுகலில் என்ன செய்யும்? எழும்பும். ஓடி வரும். அந்த லாஞ்சு? நமக்கே தண்ணீர் இல்லை, நம்மைவிடக் கனமான அவனுக்கு எங்கிருந்து வரும்?

யோசனை சரியா என்று தெரியாது. தோள் துண்டை எடுத்தேன். ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டினேன், மறுமுனையை என் இடுப்பில்.

"என்னாப்பா இது? நான் என்னா ஆட்டுக்குட்டியா?"

"ஆமாண்டா. உட்காரு!"

உட்கார்ந்தான். அப்பனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

முதலில் சத்தம்தான் வந்தது... லாரி வருகிற மாதிரி. பிறகு பழுப்பாக ஒரு சுவர், வளைகுடாவின் அகலத்துக்கு. பாக் டின் துடுப்பைச் சேற்றில் ஊன்றி முன்பக்கத்தை அதற்கு நேராகத் திருப்பினார். படகு தூக்கி எறியப்பட்டது, கவிழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். என் மகன் நடந்து போகப் பார்த்த சேற்றைக் காணோம். வேரோடு பிடுங்கிய ஒரு மரம் அந்த இடத்தில் சுழன்று போனது.

வந்த தண்ணீரிலேயே மாங்குரோவ் காட்டின் சிறு கால்வாய்க்குள் புகுந்துவிட்டோம். லாஞ்சு ஆழமான பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பிவிட்டது.

"எப்படிப்பா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எங்கடா தெரிஞ்சுது? பயந்தேன், அவ்வளவுதான்."

ஆட்லஸில் எல்லாம் இருக்கிறது — நீளம், அகலம், பெயர். அந்த இடம் எத்தனை மணிக்குக் கடல், எத்தனை மணிக்குத் தரை என்று மட்டும் போட்டிருக்காது. அந்தக் கம்போங்கில் சண்டை முடியும்வரை இருந்த செல்வம் அதைத்தான் படித்திருக்கிறான்.

"போன வருஷம் இருந்த மேடு இந்த வருஷம் இருக்காதுப்பா. போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றான் ஞாயிற்றுக்கிழமை.

இன்னும் லாரிச் சத்தம் கேட்டால் செல்வம் எங்கே என்று வாசலுக்கு ஓடுகிறேன். ஆனாலும் போகச் சொல்லிவிட்டேன்.

என் பயம் தெளிந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருந்தால், பையனுக்கு என் வயதாகிவிடும்!