ஜோடியாக வாங்கிய வால்வு

என் தங்கை கணவர் பழைய டீசல் படகு ஒன்றை வாங்கியபோது, எண்ணெய்க் குழாய்க்கு வால்வு நான்தான் வாங்கித் தருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பாயான் பாரு தொழிற்சாலையில் வாரமெல்லாம் மெஷின் முன்னால் நிற்கிற மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை கடலில் தூண்டில் போடுவதுதான் அவருக்கு உயிர். தங்கைக்கோ கடலைக் கண்டாலே பயம்.

ஜெலுத்தோங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில் அரைநாளைத் தொலைத்தேன். பிளாஸ்டிக் வேண்டாம், இஞ்சின் சூட்டில் இளகிவிடும். வட்டப்பிடி வைத்ததும் வேண்டாம், திறந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. கடைசியில் நீளப்பிடி வைத்த பித்தளை வால்வைத் தேர்ந்தெடுத்தேன். பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இதுவரை நான் செய்தது சரி.

"ஒரு இஞ்சினுக்கு ஒண்ணு போதும் லா," என்றார் கடைக்காரர்.

தங்கை வீட்டுக்குப் போகிற பொருளை ஒற்றையாகவா கொடுப்பது? வாழைப்பழத்தையே ஜோடியாகக் கொடுக்கிற வீடு எங்களுடையது. இரண்டாக வாங்கினேன்.

டாங்கியிலிருந்து இஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயில் ஒன்றை மாப்பிள்ளை மாட்டினார். மிஞ்சிய எண்ணெய் டாங்கிக்குத் திரும்புவதற்கு இன்னொரு குழாய் உண்டு. இரண்டாவதை அதில் போடச் சொன்னேன்.

"அதுல தேவையா மச்சான்?"

"போடுங்க மாப்ள. படகக் கட்டிட்டு வர்றப்ப ரெண்டையும் மூடிட்டா நிம்மதி."

மச்சான் கொடுத்ததை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை, போட்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து அவர் வேட்டிக்குள் விட்டவன் நான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, அவசரத்தில், இஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயின் வால்வை மட்டும் திறந்துவிட்டு இஞ்சினைக் கிளப்பியிருக்கிறார். எண்ணெய் திரும்ப வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பம்பின் சீல் பிய்ந்துவிட்டது. கப்பல்கள் போகிற பாதையில் படகு அப்படியே நின்றுவிட்டது. மீன்பிடிப் படகு ஒன்று கட்டி இழுத்து வரும்வரை, அவர் எடுக்காத போனுக்கு அடித்து அடித்து அழுதிருக்கிறாள் தங்கை.

"வால்வ தொறக்க மறந்துட்டேன்" என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறார். மறக்கிற ஆளுக்குப் படகு எதற்கு, விற்றுவிடுங்கள் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

விற்பதற்கு முன் ஒருமுறை பார்க்கலாமென்று படகுக்குப் போனேன். பம்பைப் பழுது பார்த்திருந்தார். இரண்டாவது வால்வு இருந்த இடத்தில் வெறும் குழாய்தான் இருந்தது.

"ஏன் மாப்ள எடுத்துட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "திரும்புற லைன்ல மூடுற வால்வே இருக்கக் கூடாதாம் மச்சான். மறந்தா இப்படித்தான் ஆகுமாம்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. "தங்கச்சிக்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா உங்கள ஏசுவா. என்னையத்தான் தெனமும் ஏசறாளே, பழகிப்போச்சு," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தேவையில்லாத வால்வை வாங்கியது நான், போட வைத்ததும் நான், படகை விற்க வேண்டாம் என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"சரி, விக்க வேணாம். அவரு மறந்தாருன்னு வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். நீங்க மூத்தவரு, உங்கள நான் எப்படிண்ணே ஏசறது?"

ஏசியிருக்கலாம்.