ஸ்தோத்திரத்தோடு வெளியே போன மருந்து

என் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலிருந்தே ஆஸ்துமா. போன தை மாதம், மாமரம் பூக்கிற சமயத்தில், அது மிகவும் மோசமாகிவிட்டது. ஒரே மாதத்தில் இரண்டு முறை ஓசூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போகும். உதடு நீலமாகும். பேச முடியவில்லை என்பதைக்கூடக் கையால்தான் காட்டுவாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பறித்துக்கொள்வீரோ என்று வராந்தாவில் நின்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவரிடமும் அப்படித்தான்.

"மருந்து தவறாம எடுக்கறாளாம்மா?" என்று டாக்டர் கேட்பார்.

"ரெண்டு வேளையும் நானே பக்கத்துல நின்னு குடுக்கறேன் சார்" என்பேன். அது பொய்யில்லை. அவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அப்போதும் குறையவில்லை. இனி பெங்களூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்.

சபையில் சிலர், "கேள்வி கேக்காத சிஸ்டர், விசுவாசி" என்றார்கள். எனக்குத்தான் கேள்வி கேட்காமல் இருக்க வராதே. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். நேற்று வரை சரியாக வந்த பீஸ் இன்று ரிஜெக்ட் ஆனால், நடுவில் என்ன மாறியது என்றுதான் முதலில் தேடுவோம். இரண்டு வருடம் கேட்ட மருந்து இப்போது ஏன் கேட்கவில்லை? ஒரு வெள்ளிக்கிழமை உபவாசமிருந்து முழங்காலில் நின்றேன். வழக்கமாக "சுகம் தாரும்" என்று கேட்பேன். அன்றைக்கு, "ஏன் என்று காட்டும்" என்று மட்டும் கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன்.

மறுநாள் காலை ஜெனி இன்ஹேலரை எடுத்தாள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அந்தத் தைக்கு முந்தின கிறிஸ்மஸ் சமயத்தில் நன்றி செலுத்துவதைப் பற்றி ஒரு செய்தி கேட்டுவிட்டு வந்து, நானே வைத்த ஒழுங்கு. மருந்தை இழுத்தவுடனே அவள் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடி "ஆமென்" சொல்வேன். அன்று மனதுக்குள் அந்த 'ஏன்' குடைந்துகொண்டே இருந்ததால் கண்ணை மூட மறந்துபோனேன். ஜன்னல் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அவள் "ஸ்தோத்திரம்" என்றாள். அந்தச் சொல்லோடு வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ புகை மாதிரி வந்தது.

இரண்டாவது தடவை அழுத்தும்போது குனிந்து பார்த்தேன். மறுபடியும் வந்தது.

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸம்மா கன்னடக்காரர். "எப்டி இழுக்கற, காட்டு பாப்பா" என்றார். ஜெனி ஸ்தோத்திரம் உட்பட எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து காட்டினாள்.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுச் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்கவில்லை. "மருந்து நெஞ்சுக்குள்ள தங்கறதுக்கே விடலயேம்மா நீங்க. இழுத்த உடனே பேசினா வெளிய வந்துடும். பத்து எண்ணுற வரைக்கும் மூச்சப் புடிக்கணும். அப்புறமா எந்த சாமிய வேணா கும்பிடட்டும்."

இன்ஹேலரை நன்றாகக் குலுக்க வேண்டும், முதலில் மூச்சை வெளியே விட வேண்டும், பிறகு மெதுவாக இழுக்க வேண்டும் என்று காட்டினார். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயையும் அதில் மாட்டிப் பழக்கினார். குழாயைத் தவிர மற்றதையெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். மூச்சைப் பிடிப்பதை மட்டும் நான்தான் கெடுத்தேன். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

பஸ்ஸில் ஜெனி கேட்டாள். "அம்மா, மனசுக்குள்ள சொன்னா அவருக்குக் கேக்குமா?"

"கேக்கும்டி."

"அப்ப எதுக்கு இத்தன நாளா சத்தமா சொல்லச் சொன்ன?"

மகளும் என் மாதிரியே என்று தெரிந்தது.

மூன்று வாரத்தில் நெஞ்சில் கேட்ட விசில் சத்தம் குறைந்தது. மழைக்காலம் முழுக்க ஒரு முறைகூட ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. டாக்டர் மருந்தைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டார். இந்தக் கிறிஸ்மஸுக்குக் கேரல் குழுவோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டே போனாள். நான் பின்னால் அழுதுகொண்டே போனேன்.

எங்கள் ஞாயிறு பள்ளியில் இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மருந்து எடுத்தாயா என்று நான் அவர்களைக் கேட்பதில்லை. எடுத்துக் காட்டு என்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தப்புப் பண்ணுகிறது. பிறகு அவர்கள் அம்மாவோடு நர்ஸம்மாவிடம் அனுப்புகிறேன்.

பிரியமானவர்களே, பிள்ளைக்காக அழுது ஜெபிக்கிறவர்கள் ஆண்டவரிடம் தைரியமாகக் கேள்வியும் கேளுங்கள். அவர் கோபிக்கமாட்டார். என்னிடம் கோபிக்கவில்லை. கேட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். இப்போதும் தினமும் ஜெனி மருந்தை இழுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடக்குகிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்க்கிறேன். பத்தாவது விரல் மடங்கியதும் மூச்சை விட்டு, சத்தமாக "ஸ்தோத்திரம்" என்கிறாள். அவள் குரல் மட்டும் வெளியே வருகிறது.