வெண்துளை பற்றி அவர் எழுதிய நாலு பக்கம்

என் வீட்டுக்காரர் இறந்து இருபத்திரண்டாம் நாள் சமயநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவர் அங்கே அறிவியல் மன்றத்தில் பேச ஒத்துக்கொண்டிருந்தாராம். "நிகழ்ச்சிய ரத்து பண்ணிடுறோம்மா, சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார் தலைமையாசிரியை. "வேணாம் டீச்சர், நான் வாரேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் இயற்பியல் வாத்தியார். நான் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் போட்டுக் கொடுப்பவள்.

மேசை டிராயரில் அவர் எழுதி வைத்திருந்த நாலு பக்கம் இருந்தது. என் தம்பி ஆனையூரில் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் கூட்டிக்கொண்டு போனான்.

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்துப் படித்தேன். கருந்துளைக்குள் போனது திரும்பி வராது. வெண்துளை அதற்கு நேர் எதிர். அதற்குள் எதுவும் போக முடியாது, அதிலிருந்து வெளியே மட்டும்தான் வரும். கணக்குப்படி அப்படி ஒன்று இருக்கலாம். இதுவரை யாரும் கண்டதில்லை. "இந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவும்" என்று ஓரத்தில் தனக்காக எழுதியிருந்தார். அதையும் சேர்த்து வாசித்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். என் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் எனக்குக் கேட்டது.

முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "உள்ள ஒண்ணுமே போகாம, எப்படி மிஸ் வெளிய மட்டும் வரும்?"

தாள்களைப் புரட்டினேன். அதற்குப் பதில் இல்லை.

"எனக்குத் தெரியலம்மா. இதை எழுதினவரத்தான் கேக்கணும்."

"அப்ப அடுத்த வாரம் சாரக் கூட்டிட்டு வாங்க மிஸ்."

பிள்ளைகளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் "சரி" என்றேன்.

திரும்பி வரும்போது தம்பி கேட்டான், "பிள்ளைக என்னக்கா கேட்டுச்சுக?" சொன்னேன். கொஞ்ச தூரம் ஓட்டியவன், ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து நின்று அழுதான். சாவு வீட்டில்கூட அவன் அம்புட்டு அழவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை.

சாயங்காலம் தலைமையாசிரியைக்குப் போன் போட்டேன். "அந்தப் பிள்ளகிட்ட உண்மையச் சொல்லிருங்க டீச்சர். ஏமாந்து காத்துக்கிட்டு இருக்கப் போறா."

"நீங்க கிளம்புனதுமே சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னா?"

"அந்த நாலு பக்கத்த எழுதிக்கிறலாமானு கேட்டா."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் எடுத்து, தம்பியிடம் கொடுத்தனுப்பினேன்.