கன்னி ராசிக்கு மாதம் முழுவதும் பயம்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பதினாறு வருடமாக நான் தினசரி காலண்டருக்குப் புரூப் பார்க்கிறேன். தேதி, கிழமை, ராகுகாலம், எமகண்டம், அமாவாசை, அப்புறம் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு வார்த்தையில் பலன். அம்புட்டும் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். நானோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆள். ஊருக்கெல்லாம் ராகுகாலம் பார்த்துக் கொடுத்துவிட்டு, அந்த ராகுகாலத்திலேயே என் பீரோவைத் திறந்து நல்ல சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு போவேன். கூட வேலை பார்ப்பவர்களுக்கு இது தீராத கிண்டல்.

ஆனால் ராசி பலன் மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்தும். அம்மாவும் நானும் ஞானஸ்நானம் எடுத்தபோது எனக்குப் பதினேழு வயது. அதற்கு முன்பு எங்கள் வீட்டில் பல் விளக்குவதற்கு முன்னால் காலண்டர் தாளைக் கிழித்து ராசி பார்ப்போம். நான் கன்னி. எத்தனையோ பழக்கம் விட்டுப் போனது, அந்த நமைச்சல் மட்டும் போகவில்லை. உலகம் அடுத்த வருடம் பார்க்கப்போவதை நான் மே மாதமே பார்க்கலாம் என்றால் சும்மா இருக்க முடியுமா? ஓரக்கண்ணால் பார்த்துவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்பேன். மறுநாள் மறுபடியும் ஓரக்கண்.

மகளுக்கு வரன் தேடத் தொடங்கிய வருடம் ஆசை தலைக்கு மேல் போனது. இந்த முறை ஆசைக்குத் தோற்கக்கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டிங் மிஷினில் விழுந்த அட்டையில் ஒரு துண்டு எடுத்து, ஒரு வரி அகலத்துக்குக் கத்தரித்து, கன்னி வரியின் மேல் வைத்துக்கொண்டு மற்ற பதினொன்றை மட்டும் படித்தேன். மார்ச் மாதத் தாள்கள் முழுவதும் அப்படித்தான் முடித்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று சோதனையை ஜெயித்த கதையைச் சாட்சியாகவே சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பைண்டிங் பகுதியில் தாள் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா கூப்பாடு போட்டார்.

"ஏ யக்கா, இங்கன வந்து பாருங்களேன்! எனக்கு மாசம் பூராம் பயம்னே போட்டுருக்கு!"

அவரும் கன்னி. மார்ச் ஒன்று, பயம். இரண்டு, பயம். முப்பத்தொன்று வரைக்கும் பயம். மேஷத்துக்கு நலம், ரிஷபத்துக்கு வரவு, சிம்மத்துக்கு வெற்றி என்று எல்லாரும் தினம் ஒன்றாக அனுபவித்துக்கொண்டிருக்க, கன்னிக்காரர்கள் மட்டும் நடுங்கிக்கொண்டே மாதத்தை ஓட்ட வேண்டியதுதான். பைண்டிங்கில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த அட்டைத் துண்டு ஞாபகம் வந்தது.

கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவள் தாயில்பட்டிக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தவள், அந்த வேலையை விட்டு வெளியே வரவேண்டும் என்பதற்காகவே டைப்பிங் படித்து இங்கே சேர்ந்தவள். ஒரு நாள் தாளைக் காப்பி எடுத்து அடுத்தடுத்த நாளுக்குப் போட்டு, பிறகு வரி வரியாக மாற்றுவது அவள் வழக்கம். அந்தக் கன்னி வரியை மட்டும் மாற்ற மறந்திருக்கிறாள்.

முதலாளி அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆடிப் பதினெட்டுக்குள் ஏஜென்டுகளுக்குக் காட்டும் சாம்பிள் ஆல்பம் தயாராக வேண்டும், மார்ச் மாதம் மொத்தமும் அச்சாகிக் கிடக்கிறது. அவர் கோபம் முழுவதும் அவள் பக்கம்தான் திரும்பியது.

"அக்கா பதினாறு வருசத்துல ஒரு புள்ளி விட்டதில்ல. அவுக குறிச்சுக் குடுத்தத நீ திருத்தாம விட்டுருக்க. இனி நீ வரவேண்டாம், போ." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க குறிச்சுத்தானம்மா குடுத்தீக?"

அவள் தலை குனிந்து நின்றாள். "இங்க இல்லைன்னா எனக்கு வெடிக் கம்பெனிதான் அண்ணாச்சி" என்றாள், அழக்கூட இல்லை.

என் புரூப் தாள்கள் முந்தின நாளே கழிவுப் பேப்பரோடு வண்டி ஏறிவிட்டன. நான் குறித்தேனா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழியில்லை. தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். சாத்தான் கொம்போடும் வாலோடும் வருவான் என்று யார் சொன்னது? என் சொந்தக் குரலில், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வந்தான். 'நீ என்ன பொய்யா சொல்லப் போற, சும்மா தலைய ஆட்டத்தான போற? தப்பா அடிச்சது அவதான?' வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் தலை பாதி ஆடிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டைத் துண்டை வைத்து நான் மறைத்தது ஒரு அற்ப ஆசையை. சோதனை என்பது இதோ, இப்போது, இந்த மேஜைக்கு முன்னால் நிற்கிறது.

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "நான் அந்த வரியப் பாக்கவே இல்ல."

"பாக்கலையா? என்ன சொல்லுதீக?"

சொன்னேன். அட்டை, கன்னி, ஓரக்கண், முழங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. கோபத்தில் என்று நினைத்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க ஆண்டவருக்கு நீங்க பயந்ததுக்கு, எங்க ஆளுக மாசம் பூராம் பயந்து சாகணுமா தாயி?"

அவளும் சிரித்துவிட்டாள். என் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, ஆனாலும் நானும் சிரித்தேன். தலைக்கு ஒரு திட்டு திட்டினார், மார்ச்சை மறுபடி அடிக்கச் சொன்னார். "ரெண்டு பேரும் சேந்து உக்காந்து முடிங்க. இன்னொருக்கா அட்டையக் கொண்டு வந்தீகன்னா அட்டையோட வீட்டுக்குப் போயிருங்க" என்று என்னிடம் விரலை ஆட்டினார்.

அன்று மத்தியானம் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கன்னிக்கு முப்பத்தொரு நாள் பலனையும் சத்தமாக வாசித்தேன். தாமதம், பரிசு, அலைச்சல், சுகம். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது அதில் ஒரு வார்த்தையும் எந்தத் தேதிக்கு என்று நினைவில் இல்லை. ராத்திரி சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன், மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை நான் போனபோது தாயில்பட்டி பஸ் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டிருந்தது. எனக்கு முன்னாலேயே வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலி காலியாகக் கிடந்து, அதற்கு நான் காரணமாக இருந்திருந்தால் எந்த முகத்தோடு உள்ளே நுழைந்திருப்பேன்?

"என்னக்கா வாசல்லயே நிக்கீக," என்றாள். "ஏப்ரல் ரெடி. வாங்க."